காளைப் படத்து வண்டிக்காரன்

படக்கடையில் என் கடைசி வருஷங்களில் என்னோடு வேலைக்கு வந்த நீங்கள் என்னை வைத்து ஒரு கேலி செய்வதுண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு முன்னால் நான் சமையற்கட்டு வரைக்கும் போய்விட்டு வருவேன். "பெரியவருக்கு மோர் வாசம் அடிச்சிருச்சு" என்று பின்னால் நின்று சிரிப்பீர்கள். மோர் கொடுத்தால் நான் மறுத்ததில்லை, அது உண்மைதான். ஆனால் நான் போனது ஒரு கேள்வி கேட்க. "இந்தப் படத்துக்கு இந்த வீட்டில் யாராவது பொட்டு வைக்கிறது உண்டா?" அவ்வளவுதான் கேள்வி. பத்து வீட்டில் ஒன்பதில் இல்லை என்றுதான் பதில் வரும். கேள்வி காதில் விழுந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது கடையை விட்டு வந்தாகிவிட்டது. கண்ணும் மங்கிவிட்டது. சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கேட்டபின் என் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையலாம். குறையட்டும், அது நியாயம்தான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்க நாலைந்து வருஷம் இருந்த சமயம். எனக்கு இருபத்தைந்து வயது. சேலத்தில் நம் கடையில் பத்து வருஷம் வேலை பார்த்திருந்தேன். சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது, ரசம் போன கண்ணாடியை மாற்றுவது, போட்டோவில் முகத்தைத் திருத்துவது, பழைய எண்ணெய்ச் சாயப் படங்களைக் கழுவி எடுப்பது என்று எல்லாம் என் கையில் நடந்தது. என்னைப் போல் கை சுத்தமான ஆள் ஜில்லாவில் இல்லை என்று கடை முதலாளி சொல்வார். நானும் அதை நம்பினேன். நம்பியதில்தான் முதல் கோளாறு.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டு நிலக்காரரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் பண்ணாடி என்பார்கள். பெரியவர் காலமாகி, மகன் பொறுப்பேற்றிருந்தார். அந்தத் தை மாதத்தில் அவருக்குக் கல்யாணம். கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய படம் புகை ஏறிக் கறுத்துப் போயிருக்கிறது, அதைச் சுத்தம் செய்து, நிலைக்கண்ணாடிகளுக்கும் புதிதாக ரசம் பூசித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே தங்கினேன்.

படத்தைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைக்க மறந்துவிட்டேன். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால்கூட எட்டாத அகலம். போன நூற்றாண்டின் சேலம் கடைவீதி. எதிர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்து யாரோ எழுதியிருக்கிறார். துணிக்கடைக்காரர் முழம் போடுகிறார். நெசவாளி ஒருவர் சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு போகிறார். பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்க்கும் பெண், குடை பிடித்த வெள்ளைக்காரர், டவாலி போட்ட சேவகன், எச்சில் இலைக்குச் சண்டை போடும் இரண்டு நாய். எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்கு மேல் மனிதர்கள். ஒவ்வொரு முகமும் சுண்டுவிரல் நகத்தளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனி முகம். யாரையும் சும்மா இட்டு நிரப்பவில்லை அந்த மனிதர். பெயர்கூடப் போடாமல் போயிருக்கிறார்.

இளைய பண்ணாடி பக்கத்தில் வந்து நின்று, வலது கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"எங்கப்பாரு கேஸுக்காகச் சேலத்துல மாசக்கணக்குல தங்கியிருந்தாருங்க. அப்ப ஒருத்தரு மாடியில உக்காந்து இதை எழுதியிருக்காரு. பாத்தா நம்மூட்டுக் காளை ரெண்டும் இதுக்குள்ள நிக்குது. அதுக்காகவே வாங்கிட்டு வந்துட்டாருங்க. நாங்க இதைக் காளைப் படம்னுதான் சொல்றது."

அவர் சொன்னது சரிதான். வெள்ளைக் காளை இரண்டு, திமிலில் வெயில் பட, வண்டியில் பூட்டி நின்றன. கொம்பின் கறுப்பு நுனி வரை அந்த ஓவியர் விடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வண்டிக்காரன் நின்றான். இடுப்பில் வேட்டி, தலையில் உருமால், வெறும் மார்பு. ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பொருக்கு. மிளகு அளவுக்குப் புடைத்து, எண்ணெய் ஏறிக் கெட்டியாகிக் கிடந்தது.

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். மற்ற முகமெல்லாம் புகையில் கறுத்திருக்க, ஒரே ஒரு முகத்தில் மட்டும் சிவப்பு எப்படி வந்தது? வெற்றிலை எச்சில் தெறித்தால் அவ்வளவு கச்சிதமாக ஒரே இடத்தில் தெறிக்குமா? குழந்தைகள் கிறுக்கினால் பக்கத்தில் இருக்கும் காளையை விட்டுவைக்குமா? ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும். சமையற்கட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். விவரம் தெரிந்த பெரிய வீட்டம்மாள், பண்ணாடியின் தாயார், பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். இளைய பண்ணாடிக்குக் காளைதான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. வேலை தெரிந்தவன் கேள்வி கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று ஓர் எண்ணம்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் படம் முழுக்கத் துலங்கிவிட்டது. அந்தச் சிவப்பு மட்டும் அசையவில்லை. மற்ற அழுக்கெல்லாம் போன பூந்திக்கொட்டை நுரைக்கு அது பணியவில்லை. அப்போதுதான் இளைய பண்ணாடி அவசரமாக வந்தார்.

"ஏனுங்க, சாயங்காலம் பொண்ணோட மாமனுங்க பந்தல் பேச வாராங்க. அதுக்குள்ள படத்தை மாட்டிப்போடலாமுங்களா?"

"மாட்டிடலாங்க" என்றேன். முடியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வராது.

சோடா உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்து ஒற்றினேன். பொருக்கு இளகியது. சந்தோஷமாகத் தேய்த்தேன். சிவப்பு விலகியது. கீழே ஒரு கன்னம் தெரிந்தது. மீசை இல்லாத உதடு தெரிந்தது. ஒரு கண், பிறகு இன்னொரு கண். வலது கண் இடதைவிடச் சிறியது. இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது என்றே சொல்வேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். மறுபடி துணியை வைத்து எடுத்தபோது அங்கே சாயம் போய் வெறும் கித்தான் துணியின் நூல் தெரிந்தது. முகம் என் துணியில் சிவப்போடு கலந்து ஒரு சேறாக இருந்தது.

அந்த வேளையில் எனக்கு இரண்டு வழி இருந்தது என்பதை இப்போது சுலபமாகச் சொல்கிறேன். பண்ணாடியைக் கூப்பிட்டு, "கெடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். காளைக்கு ஒன்றும் ஆகாதவரையில் அவர் பெரிதாகக் கோபித்திருக்க மாட்டார். ஆனால் கை சுத்தம் என்ற பெயர் போய்விடுமே. வாசலில் ஆட்கள் கோலமும் தோரணமுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சாயம் காய நாளாகும் என்பதால் தண்ணீர்ச் சாயத்தைக் குழைத்து, அந்த இடத்தில் ஒரு முகத்தை எழுதினேன். என்ன முகம்? காலண்டரில் வருகிற முகம். எடுப்பான மூக்கு, சமமான இரண்டு கண், முறுக்கிய மீசை. வண்டிக்காரன் என்றால் மீசை இருக்கும் என்று என் கைக்கு ஒரு பழக்கம். காய்ந்ததும் மேலே வார்னிஷைத் தடவி மாட்டிவிட்டேன். சாயங்காலம் வந்த மாமன்மார் காளையைப் பார்த்து மெச்சினார்கள். வண்டிக்காரனை ஒருவரும் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கண்ணாடி வேலை பாக்கி இருந்ததால் இன்னும் இரண்டு நாள் தங்கினேன். அதில் இரண்டாவது நாள் தை அமாவாசை.

காலையில் பின்வாசல் வழியாக ஓர் அம்மாள் கூடத்துக்குள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலைக்குக் குளித்து முடியை நுனியில் முடிந்திருந்தார். சுவரோரமாகவே நடந்து வந்தார், கூடத்தின் நடுவில் கால் வைக்க உரிமை இல்லாதவர் நடப்பது அப்படித்தான். கையில் செம்பில் தண்ணீர், எண்ணெயில் குழைத்து இலையில் மடித்த குங்குமம், ஒரு வேப்பங்குச்சி. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண் என்னிடம் சொன்னாள், "அது நம்ம நல்லாயிங்க. மாட்டுக் கட்டுத்தரையில வேலை செய்யறா. அவளப்பன் இந்தப் படத்துல நிக்குதுங்க. வருசத்துக்கு ஒருக்கா வந்து பொட்டு வெச்சுட்டுப் போவா. பெரிய பண்ணாடி காலத்துலயிருந்து வழக்கம்."

கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

நல்லாயி குச்சி நுனியைக் குங்குமத்தில் தோய்த்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். நின்றவர் அப்படியே நின்றார். குச்சியை நீட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாமி, இதாருங்க?"

"எது?"

"எங்கப்பன் இருந்த எடத்துல நிக்கறது."

அந்தக் கேள்வி என் கையில் கொண்டுவந்து கொடுத்தது இரண்டாவது வாய்ப்பு. அதையும் விட்டேன். "அது உங்கப்பாதாங்க. அழுக்கை எடுத்தோம், முகம் தெரியுது" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துக்க அழுகை இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"நான் வயித்துல இருக்கறப்ப பண்ணாடிய வண்டியில வெச்சுச் சேலம் ஓட்டிட்டுப் போனதுங்க எங்கப்பன். அங்கயே காலரா வந்து போயிருச்சு. அங்கயே எரிச்சுட்டாங்க. எங்கம்மா சாம்பலக்கூடப் பாக்கல. இந்தப் படம் வந்தப்ப நான் கைக்கொழந்தை. தாலியறுத்தவ குங்குமம் தொடப்படாதுன்னு என்னைய இடுப்புல தூக்கிட்டு வந்து, என்ற வெரலப் புடிச்சு வெச்சு உடுவாளாம். மூத்தவ அப்பனைப் பாத்தவ, இவ பாக்காதவ, இவளாச்சும் தொடட்டும்னு. கொழந்தைக் கை எங்க நிக்கும். மூஞ்சி மேலயே வெச்சு வெச்சு மூடிப்போச்சு. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லயிருந்து செவப்புத்தாஞ் சாமி எங்கப்பன். இன்னைக்குத்தாம் பாக்கறேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமையோடு சொன்னார், "எங்கக்கா ஒருத்தி இருக்கறா. தம்மம்பட்டிப் பக்கம் குடுத்திருக்குதுங்க. அப்பன் போறப்ப அவளுக்கு ஆறேழு வயசு. அப்பனுக்கு மீசை கெடையாது, வலது கண்ணு சிறுத்திருக்கும், தாடையில மாடு முட்டுன தழும்பு இருக்கும்னு எப்பவும் சொல்லுவா. பொய்க்காரி. பாருங்க, எத்தனை லட்சணமா இருக்குதுன்னு."

அந்த வலது கண்ணை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் அதைப் பார்த்தவர்கள் இப்போது இரண்டே பேர். ஒருவர் தம்மம்பட்டியில் இருந்தார். இன்னொருவன் வாயைத் திறக்காமல் அங்கே நின்றான்.

நல்லாயி முகத்தில் படாமல், நெற்றியில் மட்டும், கடுகளவுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் காலைத் தொட வந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்த மட்டும் வெட்கம் மிச்சமிருந்தது.

மறுபடி அந்த வீட்டுக்கு நான் போனது ஐப்பசியில். கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட்டு மாட்டக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுத்தரைப் பக்கம் போகாமல் வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். நல்லாயியே தேடிக்கொண்டு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"எங்கக்காளை இந்தப் படம் பாக்கக் கூட்டியாந்தேனுங்க. புதுசா வந்த சின்னப் பண்ணாடிச்சி நல்லவங்க, உள்ள உட்டாங்க. பாத்துப்போட்டு, இது நம்ம அப்பன் இல்ல, எவனோன்னு சொல்லிட்டாளுங்க. அப்பனைப் போயி எவனோன்னு. நீ சின்னப்புள்ள, உனக்கென்ன நெனவிருக்கும், எழுதுனவரு நேருல பாத்து எழுதுனவருன்னேன். வாய் முத்திப்போச்சு. இத்தனை நாளும் நீ சொன்னதெல்லாம் பொய், அப்பனைப் பாத்தவங்கற கெருவத்துல கட்டுன கதைன்னு நானும் சொல்லிப்போட்டேன். சோறு திங்காம எந்திரிச்சுப் போயிட்டா."

"போய்ச் சமாதானம் சொல்லுங்க" என்றேன். என்ன யோக்கியதை பாருங்கள், எனக்கு.

"அவ சொல்லட்டும். பொய் சொன்னவ அவதான?"

அப்போது சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். அக்கா உயிரோடு இருந்தார். பஸ் பிடித்தால் அன்றைக்கே தம்மம்பட்டி போய்ச் சேரலாம். நான் சேலத்துக்கு வந்து கடை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றாதவர். அவர் வெகுநேரம் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தம்மா ஐம்பது வருஷம் கழிச்சு அப்பன் முகத்தைப் பார்த்திருக்கு. அதைப் பிடுங்கப் போறியா? அக்கா தங்கச்சி சண்டை ஆறு மாசத்துல தானா ஆறும். விட்டுடு" என்றார்.

உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி நல்லதையே சொல்லியிருக்கிறேன். அது எல்லாம் நிஜம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அவர் இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே நான் அவரிடம் போனது. யாரைக் கேட்டால் நமக்கு வேண்டிய பதில் வருமோ அவரைத் தேடிப்போய்க் கேட்பது யோசனை கேட்பது ஆகாது. நெருக்கடியான சமயத்தில் நீங்களும் இதைச் செய்வீர்கள். செய்யும்போதாவது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

படத்தைக் கெடுத்து ஒரு வருஷம் ஓடியது. அடுத்த தையில் ஒரு நாள், கடையில் உட்கார்ந்து இறந்துபோன ஒருவரின் போட்டோவைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மைத் தழும்பை மறைத்துவிடுங்கள், ஒன்றரைக் கண்ணைச் சரியாக்கிவிடுங்கள் என்று வீட்டார் எழுதியே கொடுத்திருந்தார்கள். நாம் தினமும் செய்கிற வேலைதான். வலது கண்ணைச் சரி செய்யத் தூரிகையைக் கொண்டுபோனேன். கை போகவில்லை. இறங்கிய இமையோடு அந்த வண்டிக்காரன் வந்து முன்னால் நின்றான். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புதுச்சத்திரம் போனேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

நல்லாயி கட்டுத்தரையில் சோளத்தட்டை உடைத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றுதான் தொடங்கினேன்.

"மார்கழியில போயிட்டாளுங்க." தட்டை உடைவது நிற்கவில்லை. "ரெண்டு நாள் காய்ச்சலாம். சேதி வந்துச்சு. நான் போகலீங்க. அப்பனை எவனோன்னவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு நெஞ்சழுத்தமா உக்காந்துட்டேன். அவ மகன் வந்து சொன்னான், அம்மா சாகறப்பக்கூட உங்களத்தான் கேட்டாங்க சித்தின்னு."

நான் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். உங்களிடம் பொய் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருக்கிறதும் போகும் என்று என் புத்தி எனக்குச் சாதகமாக எல்லாக் காரணத்தையும் எடுத்து வைத்தது. ஆனால் செத்துப்போன ஒருத்தி பொய்க்காரி என்ற பெயரோடு போயிருக்கிறாள். அந்தப் பெயர் என்னுடையது.

சொன்னேன். சோடா உப்பிலிருந்து மீசை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த தட்டையால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க பாத்தீங்களாக்கும்."

"பார்த்தேன். ஒரு விநாடி."

"கண்ணு?"

"வலது கண்ணு சின்னதுங்க. இமை இறங்கியிருந்தது. மீசை இல்லை. உங்க அக்கா சொன்னதேதான்."

"தாடையில தழும்பு?"

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தாடை வரைக்கும் பார்க்கலைங்க. அதுக்குள்ள துணியோட வந்துருச்சு" என்றேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பதில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இருந்திருக்கும்" என்றார் நல்லாயி. "அவ சொன்னா இருந்திருக்கும்."

மாடு தொட்டியில் வாய் வைத்து அவர் தோளை முட்டியது. அவர் அதன் நெற்றியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்க சாமி. அதை அழிச்சிருங்க."

சின்னப் பண்ணாடிச்சி கதவைத் திறந்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். வார்னிஷைக் கரைத்து எடுத்தேன். அதற்குக் கீழே தண்ணீர்ச் சாயம்தானே, ஈரத்துணிக்கு உடனே வந்துவிட்டது. மீசை போனது, மூக்கு போனது. நல்லாயி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்தார். கடைசியில் உருமாலுக்குக் கீழே கித்தான் நூல் மட்டும் இருந்தது. சுற்றிலும் கடைவீதி அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. துணிக்காரர் முழம் போட்டார், நாய்கள் சண்டை போட்டன.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க அக்கா சொன்னதையும் நான் பார்த்ததையும் வைத்து, நல்ல எண்ணெய்ச் சாயத்தில் மறுபடி எழுதித் தர்றேங்க. எத்தனை நாளானாலும் சரி" என்றேன். மனதார, கைகூப்பித்தான் சொன்னேன்.

அவர் தலையை அசைத்தார்.

"வேண்டாஞ் சாமி. நீங்க எழுதுனா அதையும் நான் நம்பீருவேன்."

கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்தேன்.

அவர் சமையற்கட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வாங்கி வந்தார். அன்றைக்கு அமாவாசை இல்லை. குச்சியும் இல்லை. விரலாலேயே தொட்டு, முகம் இருந்த இடத்தில் முழுதாக மூடுகிற மாதிரி ஒரு பொட்டு வைத்தார். குழந்தையில் அம்மா இடுப்பில் இருந்து வைத்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு மறுபடி விரலைத் தோய்த்து, வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், அவன் இடுப்பு உயரத்துக்கு, தெருவின் வெறும் மண்ணில் சின்னதாக இன்னொரு பொட்டு வைத்தார்.

"இது அக்காளுக்கு" என்றார். "அவளுக்கும் படம் ஏதுங்க?"

அந்த வீட்டில் இன்றைக்கும் அதைக் காளைப் படம் என்றுதான் சொல்கிறார்கள். சில வருஷம் கழித்து நல்லாயி போனபின் பொட்டு வைக்க ஆள் இல்லை. படத்தை ஒரு தடவை கழுவ வேண்டும் என்று ஆள் அனுப்பியபோது நானே போனேன். புகை, தூசி எல்லாவற்றையும் எடுத்தேன். அந்த இரண்டு சிவப்பையும் தொடவில்லை. என் காலத்துக்குப் பிறகு உங்களில் யாரையாவது கூப்பிடுவார்கள். காளைக்குப் பக்கத்தில் இரண்டு கறை இருக்கும். பெரியது அப்பன், சின்னது மகள். அதை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.